மின்சார மோட்டோகிராஸ் பைக் கட்டுகிறீர்களா? மோட்டாரைப் பார்க்கும் முன்பே, பின்பக்க சஸ்பென்ஷனைப் பாருங்கள்

பெட்ரோல் மோட்டோகிராஸ் பைக்கை, அதாவது மண் டிராக்கில் குதித்து ஓட்டும் பைக்கை, மின்சார வண்டியாக மாற்ற நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை கிலோவாட், பேட்டரி எத்தனை வோல்ட், எந்தக் கன்ட்ரோலர் என்பதைத்தான். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கும் நன்றாகவே சொன்னார்கள். பின்பக்க சஸ்பென்ஷன் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் போனது, ஒரு வருடத்தின் பெரும்பகுதியும் போனது, நடுவில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்த இரவுகளும் உண்டு. இன்னொருவர் அந்தப் பாதையில் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். என்ஜின் போன ஒரு 250 சிசி மோட்டோகிராஸ் பைக் ரேஸ் ஓட்டும் ஒருவரிடமிருந்து கிடைத்தது. ஃப்ரேம், ஃபோர்க், சக்கரங்கள், பின் ஷாக் (அதிர்வை வாங்கும் ஸ்ப்ரிங்கும் ஆயிலும் உள்ள பகுதி) எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. மோட்டார், பேட்டரிப் பெட்டி பொருத்தும் வேலையை மாற்றுவண்டி (பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றிய வண்டி) செய்து பழக்கமுள்ள ஒரு பட்டறையிடம் கொடுத்தேன். அவர்கள் ஸ்கூட்டர்கள், சரக்கு ஆட்டோக்கள் நிறைய மாற்றியிருந்தார்கள், வெல்டிங் பார்க்க அழகாக இருந்தது. ஹப் மோட்டார் போடலாமா என்று முதலில் ஒரு யோசனை வந்தது. அதை நான் உடனே மறுத்துவிட்டேன், இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. பின் சக்கரத்துக்குள் பத்துக் கிலோவுக்கு மேல் எடையைக் கொண்டுபோய் வைத்தால், மேட்டில் மோதி மேலே போன சக்கரத்தை மறுபடி தரைக்குக் கொண்டுவருவது எந்த ஷாக்காலும் சுலபமில்லை. ரோட்டில் ஓடும் ஸ்கூட்டருக்கு ஹப் மோட்டார் சரி. குதித்து இறங்கும் வண்டிக்கு மோட்டார் ஃப்ரேமில்தான் இருக்க வேண்டும்.

பட்டறை இரண்டு முடிவுகளை எடுத்தது. பேட்டரிப் பெட்டி பெரியதாக இருந்ததால் அதைக் கீழே இறக்க, ஷாக்கின் அடியில் இருந்த லிங்க்கை (ஷாக்கைப் பின்பக்கத்தோடு இணைக்கும் நெம்புகோல் அமைப்பு) கழற்றிவிட்டு ஷாக்கை நேராக ஸ்விங் ஆர்மிலேயே (பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் கை) ஒரு பிராக்கெட் வெல்ட் வைத்து மாட்டினார்கள். மோட்டாரைப் பிவட்டுக்கு (ஸ்விங் ஆர்ம் ஃப்ரேமில் சுழலும் அச்சு) முன்னால், இடம் கிடைத்த இடத்தில் வைத்து, அதன் தண்டிலேயே 11 பல் ஸ்ப்ராக்கெட்டைப் போட்டு, பின்னால் 60 பல் போட்டு 520 செயினால் இணைத்தார்கள். இந்த வண்டியில் முன்பு இருந்தது 13-க்கு 50. கியர்பாக்ஸ் இல்லாததால் வேகக் குறைப்பு முழுவதும் செயினிலேயே நடக்க வேண்டும், அதனால் அந்த எண்கள். காரணம் கேட்டால் எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. வண்டி பட்டறை வாசலில் சத்தமில்லாமல் பாய்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பை ஒட்டிய காலி நிலத்தில் மேடு பள்ளம் வெட்டி ஓட்டிப் பார்ப்போம். அங்கே கொண்டுபோனதும் வண்டியின் குணம் தெரிந்துவிட்டது. சின்னச் சின்ன அலைபோன்ற மேடுகளில் பின்பக்கம் கல் மாதிரி உதைத்தது. சரி, ஷாக் கடினமாக இருக்கிறது என்று நினைத்தால், சாதாரணமான ஒரு குதிப்பில் இறங்கியதும் முழுவதும் அமுங்கி அடியில் போய் இடித்தது. ஒரே வண்டி எப்படி ஒரே நேரத்தில் கடினமாகவும் மென்மையாகவும் இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. பட்டறையில் கேட்டேன், ஸ்ப்ரிங்கை மாற்றுங்கள் என்றார்கள். கடினமான ஸ்ப்ரிங் ஒன்று வரவழைத்தேன், சுங்கத்தோடு பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. இடிப்பது கொஞ்சம் குறைந்தது, உதைப்பது இரண்டு மடங்கானது. மென்மையான ஒன்றை வரவழைத்தேன், அது வேலைக்கே ஆகவில்லை. ஷாக்கைப் பிரித்து ஆயில், ஷிம் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகள்) எல்லாம் மாற்றியதில் இன்னும் பணம் போனது. முதுகு வலியோடு படுத்துக்கொண்டு, இதில் எனக்குத் தெரியாத ஏதோ ஓர் அடிப்படை இருக்கிறது என்று தோன்றிய பிறகுதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

அந்த அடிப்படை இதுதான். பின் சக்கரம் எத்தனை மி.மீ. மேலே போனால் ஷாக் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்பதுதான் நெம்பு விகிதம். சக்கரம் 3 மி.மீ. போக ஷாக் 1 மி.மீ. அமுங்கினால் விகிதம் 3. சக்கரத்தில் நாம் உணரும் கடினம், ஸ்ப்ரிங்கின் கடினத்தை இந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. வர்க்கம் என்பதைக் கவனியுங்கள், விகிதம் கொஞ்சம் மாறினாலும் விளைவு நிறைய மாறும். என் வண்டியின் லிங்க்கை அளந்து பார்த்தபோது தொடக்கத்தில் விகிதம் 3-க்கு அருகிலும் கடைசியில் 2.4-க்கு அருகிலும் இருந்தது. ஸ்ப்ரிங் ஒரு மி.மீ.க்கு 54 நியூட்டன். அப்படியென்றால் தொடக்கத்தில் சக்கரத்தில் 6 நியூட்டன், கடைசியில் 9.4. அதாவது சின்ன மேட்டுக்கு மென்மை, பெரிய இறக்கத்துக்குக் கடினம். நேராக மாட்டிய பிறகு விகிதம் முழு தூரத்துக்கும் கிட்டத்தட்ட 2.7 ஆகவே நின்றது. அதில் அதே ஸ்ப்ரிங் தொடக்கம் முதல் கடைசி வரை 7.4 தான் தரும். தொடக்கத்தில் பழையதைவிடக் கடினம், கடைசியில் பழையதைவிட மென்மை. நான் நிலத்தில் உணர்ந்தது அப்படியே காகிதத்தில் வந்து நின்றது. கடினமான 62 ஸ்ப்ரிங் போட்டால்கூட 8.5 தான் வரும், கடைசியில் பழைய 9.4-ஐத் தொடாது, தொடக்கமோ உட்கார முடியாத கடினம். எந்த ஸ்ப்ரிங் வாங்கினாலும் இது தீராது என்று அன்றுதான் தெரிந்தது. டேம்பிங்கும் (ஷாக் அமுங்கி விரியும் வேகத்தை ஆயிலால் அடக்குவது) இதே வர்க்கக் கணக்கில்தான் போகிறது, அதனால் ஒரு லிங்க்குக்காக உள் வால்வுகளை அமைத்த ஷாக்கை வேறு விகிதத்தில் மாட்டினால் ஆயில் மாற்றி மட்டும் சரிசெய்ய முடியாது.

லிங்க் இல்லாத அமைப்பே தவறு என்று சொல்ல வரவில்லை. கேடிஎம் 1998 முதல் பிடிஎஸ் என்ற பெயரில் லிங்க் இல்லாத பின்பக்கத்தைப் போட்டு வென்றிருக்கிறது, அவர்களுடைய மின்சார ஃப்ரீரைட் வண்டியிலும் அதுதான். ஆனால் அந்த ஷாக்கின் உள்ளேயே கடைசிப் பகுதியில் டேம்பிங் கூடுவதற்கு இரண்டாவது பிஸ்டனும் ஊசியும் இருக்கின்றன. லிங்க் செய்யும் வேலையை அங்கே ஷாக் செய்கிறது. அப்படியிருந்தும் 2011 மாடல்கள் முதல் தங்கள் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு அவர்கள் லிங்க்குக்குத் திரும்பினார்கள், காட்டுப் பாதைகளில் ஓட்டும் எண்டூரோ வண்டிகளில் பிடிஎஸ்ஸை வைத்துக்கொண்டார்கள். கல்லும் வேரும் நிறைந்த காட்டில் கீழே தொங்கும் லிங்க் அடிபடும், சேற்றில் பேரிங் போகும், அங்கே லிங்க் இல்லாதது வசதி. பெரிய குதிப்புகள் உள்ள மூடிய டிராக்கில் லிங்க்தான் நல்லது என்பது என் கருத்து. யமஹா மோனோகிராஸ் ஒற்றை ஷாக்கோடு 1973-இல் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றது, அதன் பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் கவாசாகியின் யூனி-டிராக், சுசூகியின் ஃபுல் ஃப்ளோட்டர், ஹோண்டாவின் ப்ரோ-லிங்க் என்று எல்லோரும் லிங்க்குக்கு வந்தார்கள். இன்று ஸ்டார்க் வார்க் போன்ற புதிய மின்சார மோட்டோகிராஸ் வண்டியிலும் லிங்க்தான், சக்கரத்தின் ஓட்டம் (மேலும் கீழும் போகும் தூரம்) 300 மி.மீ.க்குக் குறையாமல். இத்தனை வருட வேலையை ஒரு பேட்டரிப் பெட்டிக்காகக் கழற்றி வைக்கிறோம் என்பதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

கணக்குப் புரிந்த பிறகும் உடனே மாற்றப் பணம் இல்லை, அதனால் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கழுவும்போது ஸ்விங் ஆர்மில் வெல்ட் வைத்த பிராக்கெட்டின் ஓரத்தில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. விரிசல். கை நடுங்கியது. அந்த ஸ்விங் ஆர்ம் அலுமினியம். வெப்பச் சிகிச்சை செய்து பலப்படுத்திய அலுமினியத்தில் வெல்ட் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றிய பலம் குறைந்துவிடும், அதன் பிறகு மறுபடி சிகிச்சை செய்யாவிட்டால் அது பலவீனமாகவே இருக்கும். ஷாக்கின் முழு விசையும், அதாவது இறங்கும்போது சக்கரத்தில் வரும் விசையைப்போல இரண்டரை மூன்று மடங்கு, அந்த ஒரு பிராக்கெட்டில்தான் விழுகிறது. அது குதிப்பின் நடுவே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று சாப்பிடவே முடியவில்லை. வீட்டில் சொல்லவில்லை. பழைய ஸ்விங் ஆர்ம் ஒன்று தேடி வாங்கியதில் இன்னொரு முப்பதாயிரத்துக்கு மேல் போனது. ஸ்விங் ஆர்மில் வெல்டிங் டார்ச்சைக் கொண்டுவரும் எந்தத் திட்டத்தையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேவையான மாற்றத்தை எல்லாம் ஃப்ரேமிலோ பேட்டரிப் பெட்டியிலோ செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வெல்ட் வைத்த வண்டி உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்தது செயின். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் பம்ப் செட்டுக்குத் தண்டு கடையும் ஒரு லேத் பட்டறை அண்ணன். மோட்டார் தண்டின் பேரிங் இரண்டாவது முறை போனபோது அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, பம்ப் செட்டுன்னா ஒரே இடத்துல நிக்கும், அலைன்மென்ட் பாத்துட்டாப் போதும். இது மேலயும் கீழயும் ஆடற வண்டிங்களே, ஆடும்போது செயின் எங்க இறுகுதுன்னு பாத்தீங்களா?” என்றார். பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அன்றே அவர் பட்டறையில் ஷாக்கைக் கழற்றிவிட்டு ஸ்விங் ஆர்மைக் கையால் மெதுவாகத் தூக்கினோம். ஸ்டாண்டில் தொங்கும்போது சரியாக இருந்த செயின், பாதிக்கு மேல் தூக்கியதும் கம்பி மாதிரி விறைத்தது. அதற்கு மேல் தூக்கவே முடியவில்லை. ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் ஷாக்குக்குப் பதிலாக மோட்டார் தண்டும் பேரிங்கும்தான் அடியை வாங்கியிருக்கின்றன.

காரணம் மோட்டாரின் உருவத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் ஸ்ப்ராக்கெட் தண்டு பிவட்டிலிருந்து 75 மி.மீ. போலத்தான் தள்ளியிருக்கும். மின் மோட்டார் வட்டமான டப்பா, தண்டு நடுவில் இருக்கிறது, அதனால் டப்பாவின் ஆரம் அளவுக்காவது தண்டு தள்ளித்தான் நிற்க வேண்டும். என் வண்டியில் 130 மி.மீ. இருந்தது. ஸ்ப்ராக்கெட் மையம், பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக இறுக்கம், அதிலிருந்து விலக விலகத் தளர்ச்சி. அந்த நேர்கோடு ஓட்டத்தின் நடுவில் வந்தால் மாற்றம் மூன்று நான்கு மி.மீ.யோடு முடியும். மோட்டாரை வைத்த உயரத்தால் நேர்கோடு ஒரு ஓரத்துக்குப் போய்விட்டால், 130 மி.மீ. தூரத்துக்கும் 590 மி.மீ. ஸ்விங் ஆர்முக்கும் சுமார் 14 மி.மீ. வரை மாறும். ஆகவே செயின் தளர்வை ஸ்டாண்டில் வைத்துச் செட் செய்யவே செய்யாதீர்கள். ஷாக்கைக் கழற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே விரலால் அசைக்கும் அளவு தளர்வு விட்டு, அந்தச் செட்டிங்கோடு பின் சக்கரம் ஸ்டாண்டில் தொங்கும்போது எவ்வளவு தளர்வு வருகிறது என்று அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் அந்த அளவுதான் உங்கள் அளவு, புத்தகத்தில் இருக்கும் பெட்ரோல் வண்டியின் அளவு உங்களுக்கு உதவாது.

சின்ன முன் ஸ்ப்ராக்கெட், பெரிய பின் ஸ்ப்ராக்கெட் கூட்டணி இன்னொன்றையும் கெடுத்தது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் எடை பின்னால் சாய்ந்து பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். செயினின் மேல்பக்க இழுப்பும் சக்கரத்தின் உந்தலும் சேர்ந்து அதை எதிர்த்துப் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். இரண்டும் ஓரளவு சமமாக இருந்தால் வண்டி நிலையாக ஓடும். பின் ஸ்ப்ராக்கெட் பெரிதானாலும் முன் ஸ்ப்ராக்கெட் சிறிதானாலும் செயினின் மேல்கோடு முன்னோக்கிச் சரிந்து, தூக்கும் விசை கூடுகிறது. பெட்ரோல் வண்டியில் கிளட்ச், கியர் எல்லாம் தாண்டி விசை வர நேரம் எடுக்கும். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு விசையைக் கொடுக்கிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது நான் திருகினால் பின்பக்கம் விறைத்து உயர்ந்து, மேடுகளில் டயர் தரையைத் தொடாமல் சுற்றியது. அதை நான் ஷாக்கின் கோளாறு என்றே பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் பார்க்கச் சாஃப்ட்வேர் வேண்டாம். நீங்கள் உட்கார்ந்த நிலையில் வண்டியைப் பக்கவாட்டில், நன்றாகத் தள்ளி நின்று ஜூம் செய்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், கிட்டே நின்று எடுத்தால் கோணம் கெடும். அதில் பிவட்டையும் பின் ஆக்ஸிலையும் இணைத்து ஒரு கோடு, செயினின் மேல்பக்கத்தை ஒட்டி ஒரு கோடு, இரண்டையும் முன்னால் நீட்டினால் ஓரிடத்தில் வெட்டும். பின் டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அந்த வெட்டும் இடம் வழியாக ஒரு கோடு போடுங்கள். அது முன் சக்கரத்துக்கு நேர்மேலே எந்த உயரத்தில் போகிறது, வண்டியும் நீங்களும் சேர்ந்த எடைமையத்தின் உயரம் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். இரண்டும் சமம் என்றால் நூறு சதவீதம், அதாவது அமுங்குவதும் தூக்குவதும் சரிக்குச் சரி. என் படத்தில் அந்தக் கோடு எடைமையத்தை விட்டு எங்கேயோ மேலே போனது.

தீர்வு என்று நான் போய்ச் சேர்ந்தது இடைத்தண்டு. மோட்டாரிலிருந்து பல் பெல்ட்டால் ஒரு குறைப்பு, அது பிவட்டுக்கு அருகில் ஒரு தனித்தண்டைச் சுற்றுகிறது, அந்தத் தண்டில் 13 பல், பின்னால் மறுபடி 50. ஆல்ட்டா ரெட்ஷிஃப்ட் போன்ற மின்சார மோட்டோகிராஸ் வண்டிகளில் செயினுக்கு முன்பே கியர் குறைப்பு வைத்திருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. லேத் அண்ணன் தண்டையும் பேரிங் வீட்டையும் கடைந்து கொடுத்தார், அதற்குக் கேட்ட கூலி ஒரு ஸ்ப்ரிங் விலைகூட இல்லை. பேட்டரிப் பெட்டியின் கீழ் மூலையை வெட்டிச் சிறிதாக்கி லிங்க்கை அதன் இடத்தில் திரும்ப மாட்டினோம். செல்கள் சில குறைந்தன, ஓடும் நேரமும் குறைந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நன்றாக ஓடும் இருபது நிமிடம், முதுகை உடைக்கும் நாற்பது நிமிடத்தைவிட மேல்.

ஸ்ப்ரிங் வாங்கும் முன் செய்ய வேண்டிய ஒன்று, இதைத் தெரிந்திருந்தால் என் பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும். பேட்டரியோடு வண்டியைப் பின் சக்கரம் தொங்கும்படி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலிலிருந்து நேர்மேலே பின் ஃபெண்டரில் ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். தரையில் வைத்து ஆள் இல்லாமல் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி நின்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். முதல் அளவிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அமுங்கியிருக்கிறது. 300 மி.மீ. ஓட்டமுள்ள வண்டிக்கு ஆளோடு 100 முதல் 105 மி.மீ. அமுங்க வேண்டும், ஆள் இல்லாமல் 30 முதல் 40. ஆளோடு சரியாக இருந்து, ஆள் இல்லாமல் மிகக் குறைவாக அமுங்கினால் ஸ்ப்ரிங் உங்களுக்கு மென்மை, முறுக்கி முறுக்கிச் சமாளித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆள் இல்லாமலேயே நிறைய அமுங்கினால் ஸ்ப்ரிங் கடினம். இது குழப்பமாகத் தோன்றும், இரண்டு முறை படியுங்கள், பெரும்பாலானவர்கள் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள். பேட்டரியால் என் வண்டி 118 கிலோ ஆகியிருந்தது, லிங்க் திரும்பிய பிறகு பழைய 54-க்குப் பதில் 56 போட்டதும் இரண்டு அளவும் பொருந்திவிட்டன.

ஓட்டிப் பார்க்கும்போது காதைப் பயன்படுத்துங்கள். என்ஜின் சத்தம் இல்லாததால் செயின் ஸ்விங் ஆர்மில் அடிப்பது, லிங்க் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் வரும் ‘டக்’ எல்லாம் தெளிவாகக் கேட்கும், பெட்ரோல் வண்டிக்காரருக்கு இந்த வசதி கிடையாது. லிங்க் பேரிங்குகளைப் பிரித்துக் கிரீஸ் வைப்பதை மழைக்காலத்தில் அடிக்கடி செய்யுங்கள், பிரஷர் வாஷரின் முனையை அங்கே நேராகக் காட்டாதீர்கள்.

எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடாதது ரீஜென், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்புவது. அதைக் கூட்டி வைத்தால் செயினின் கீழ்ப்பக்கம் இறுகி, பிரேக் போடும் இடங்களில் உருவாகும் மேடுகளில் பின் சக்கரம் துள்ளுகிறது, ஸ்விங் ஆர்மின் அடிப்பக்க ரப்பரும் சீக்கிரம் தேய்கிறது. முழுதாக அணைத்தால் என்ஜின் பிரேக்கிங் பழகிய கைக்கு வளைவில் நுழையும்போது வண்டி நிற்காமல் ஓடுவது போல இருக்கிறது. இப்போதைக்கு மிகக் குறைவாக வைத்து, கன்ட்ரோலரில் மோட்டார் விசை ஏறும் வேகத்தையும் கொஞ்சம் மெதுவாக்கி ஓட்டுகிறேன். அடுத்து கீழ்ச்செயினுக்கு ஒரு உருளை வைத்துப் பார்க்க லேத் அண்ணனிடம் அளவு கொடுத்திருக்கிறேன். மாற்றுவண்டிக்குப் பட்டறை தேடுபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் பிவட்டிலிருந்து ஸ்ப்ராக்கெட் மையம் எத்தனை மி.மீ., லிங்க் இருக்குமா, ஸ்விங் ஆர்மைத் தொடுவீர்களா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.